பச்சை என்று எழுதிய சீட்டு

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. நான் சௌக்கியம். உங்கள் மருமகளும் சௌக்கியம். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறோம், அதிலிருந்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். உங்கள் தம்பியைப் பற்றி அப்படி எழுதத்தான் கை வரவில்லை. போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா, வேலை கிடக்கு" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்கள் தம்பி என்னிடம் எதையோ மறைக்கிறார். அது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் சந்தேகப் பிராணி என்று கல்யாணமான புதிதிலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இருக்கட்டும். தைத்த சட்டைகள் பெட்டிக்குள் போகும் முன் அவற்றைக் கடைசியாகப் பார்க்கிற மேசை என்னுடையது. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. எந்தப் பொத்தான் ஒரு நூலில் தொங்குகிறது என்று தொடாமலே சொல்வேன். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒருவர் இப்படி நடந்துகொண்டால் கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

கேளுங்கள். மூன்று மாதமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்கிறார். தண்ணீர் கேனைத் தூக்கச் சொன்னால் மகளைக் கூப்பிடுகிறார். உங்களோடு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மட்டும் பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். சொந்த அக்காவிடம் பேசக் கதவு எதற்கு?

வேலை முடிந்து நான்கு மணிக்கு வண்டியைக் கீழே நிறுத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும். மூன்று மாடி ஏற எவ்வளவு நேரம் ஆகும்? இவருக்குக் கால் மணி ஆகிறது. நடுவில் இரண்டாம் மாடியில் ஒரு பாட்டு டீச்சர் குடிவந்திருக்கிறார். தனியாக இருக்கிறார். கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்து வைத்திருக்கிறார். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

நேற்று துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அவர் கையெழுத்துதான். அப்படியே எழுதுகிறேன். "செவ்வாய் 4.10, படி, 6 நிமிடம். வியாழன் 4.05, படி, 9 நிமிடம். சனி 11.30, இடைவேளை, 3 நிமிடம்." கடைசியில் "பச்சை" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்துவிட்டு எந்தப் பெண்சாதிக்குத் தூக்கம் வரும்?

வாடகை வண்டி ஓட்டும் என் அண்ணனிடம் ஒரு நாள் இவர் பின்னாலேயே போகச் சொன்னேன். திட்டிவிட்டுத்தான் போனார். வந்து சொன்னது இது: "மாப்பிள்ளை நேரா வேலைக்குப் போறாரு, நேரா வீட்டுக்கு வர்றாரு. நடுவுல ஒரு இடத்துல வண்டிய ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் குனிஞ்சு உக்கார்ந்திருந்தாரு. அவ்வளவுதான்." போனில் யாரிடமாவது பேசினாரா என்று கேட்டேன். தெரியவில்லையாம். ஆளைப் பின்தொடரத் தெரியாத ஆளை அனுப்பியது என் தப்பு.

தாய் இல்லாத வீட்டில் நீங்கள்தான் அவரை வளர்த்தீர்கள். உங்களிடம் அவர் பொய் சொல்ல மாட்டார். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். பதிலை வீட்டு முகவரிக்கு வேண்டாம், என் வேலை இடத்து முகவரிக்கே அனுப்புங்கள். உங்கள் சலவைக்கூடத்தில் புது ஆட்களைப் போட்டார்களா, இன்னும் நீங்கள் ஒருவரே நாலு பேர் வேலையைப் பார்க்கிறீர்களா, அதையும் எழுதுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


புதன், மாலை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மொத்தம் பதினோரு வரி. அதில் நான்கு வரி உங்கள் மருமகளுக்கு முத்தம். எனக்கு வந்த பதில், "அவனை நோண்டாதே, அவன் வேலை அப்படி, தானாச் சரியாயிடும்" என்பதுதான். எது சரியாகிவிடும், அண்ணி? நான் எதைப் பற்றிக் கேட்டேன் என்று தெரியாதவர் இப்படி எழுத மாட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். ஏழாவது வரிக்குப் பிறகு உங்கள் கையெழுத்து மாறுகிறது. சாய்ந்து, மெலிந்து போகிறது. "நடுவில் கொஞ்சம் படுத்துவிட்டேன், இஸ்திரி மெஷின் சூடு முதுகில் ஏறி எரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் தலைப்பில் ஞாயிறு, பகல் பதினோரு மணி என்று போட்டிருக்கிறீர்கள். விடுமுறை நாளில் அந்த நேரத்தில் படுக்கிற ஆளா நீங்கள்? என்ன எழுதலாம், எதை விடலாம் என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மனதில் பட்டதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்ததும், மூன்றாம் மாடிக் கைப்பிடி ஓரம் செருப்பைக் கழற்றி வைத்து நின்றேன். கையும் களவுமாகப் பிடிக்கிற உத்தேசம். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் ஏறி வந்தார். முதல் மாடியில் நின்றார். இரண்டாம் மாடிக்கு வந்ததும் பச்சைக் கதவுக்கு எதிரே படியில் உட்கார்ந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை. கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதினார்.

பச்சைக் கதவு திறந்தது. டீச்சர் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார். அவர் பார்க்க என் அம்மா வயது. இவர் குடித்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, எழுந்து மெதுவாக ஏறினார். நான் வீட்டுக்குள் ஓடிவந்து அடுப்படியில் நின்றுகொண்டேன். மறுநாள் டீச்சரிடம் போய்ப் பேசினேன். "தினமும் உக்காருவாரும்மா. மூச்சு வாங்கும். வீட்டுல தெரியும்னு நினைச்சேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த மனுஷியைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சீட்டு எனக்குப் புரிந்தது. இவர் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் பத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலைதான் அது. யாராவது அவசர எண்ணைக் கூப்பிட்டால், வலி எப்போது வந்தது, என்ன செய்யும்போது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்று கேட்டு எழுதுவார். பிறகு ஒரு நிறம் போடுவார். சிவப்பு என்றால் வண்டி அந்த நிமிடமே கிளம்பும். மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும். பச்சை என்றால் வண்டி கிடையாது. ஓய்வெடுங்கள், முடிந்தபோது டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் சிவப்புப் போட்டு அனுப்புகிற மனிதர், தன் நெஞ்சு வலியைத் தானே விசாரித்து, தானே எழுதி, தனக்குப் பச்சை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார்.

வேறொருத்தி இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, அண்ணி. இது உண்மை.

ராத்திரிச் சாப்பாட்டில் சீட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலில் சிரித்தார். வாயுவாம். பிறகு டென்ஷனாம். டாக்டரிடம் போகலாம் என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் அறையில் மீசை என்று ஒருவர் இருந்தாரே, நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறார். போன வருடம் உடல் பரிசோதனையில் நெஞ்சு வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னாராம். அன்றைக்கே ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பழைய பதிவுகளைக் கேட்டு எழுதுகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றே மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு நாற்காலியில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அழைப்பைத் தொண்ணூறு விநாடிக்குள் முடிக்க வேண்டும். சிறுநீர் கழிக்கப் போனால்கூட நேரம் பதிவாகிறது.

"எதிர்ல ஒரு போர்டு இருக்குடி. எத்தனை பேர் லைன்ல காத்திருக்காங்கன்னு நம்பர் ஓடும். நான் எழுந்தா அந்த நம்பர் ஏறும். அது ஒவ்வொண்ணும் ஒரு ஆளு" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கடைசியில் ஒன்று சொன்னார். "அக்காவுக்கு இத எழுதாத" என்றார். ஏன் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அண்ணி, உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. என்னை மூன்றாம் மனுஷியாக வைத்துவிட்டுப் பால்கனிக் கதவுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்கிறீர்கள்?

அடுத்த வாரம் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது டாக்டரிடம் போகப் போகிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


வெள்ளி, காலை
(கையில் கொடுத்தனுப்பும் கடிதம்)

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்காருங்கள்.

செவ்வாய்க்கிழமை போனில், இதயக் குழாயில் அடைப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அழுததில் மற்றதைச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நான் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், அவனப் பாரு" என்று வைத்தீர்கள். அதனால் மறுபடியும் எழுத்துதான்.

செவ்வாய் காலை அவர் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. சரியாகத் தூங்கவில்லை என்றார். ஆறரைக்குக் குளியலறையில் சோப்புப் பெட்டி மேல் சீட்டைப் பார்த்தேன். "5.05, படுக்கையில், 20 நிமிடம், இடது தாடை." பச்சை என்று எழுதி, அடித்து, மறுபடியும் பச்சை என்று எழுதியிருந்தது.

மாடி ஏறும்போது வந்த வலி படுத்திருக்கும்போதே வந்துவிட்டது. இது சிவப்பு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எங்களுக்குக் குழந்தை பிறந்த வருடம், என்னையும் உட்காரவைத்து எல்லாக் கேள்விகளையும் மனப்பாடம் பண்ண வைத்தார்.

அவர் கைபேசியைக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். மேலதிகாரியின் எண் என்னிடம் இல்லை. பஸ் பிடித்துப் போக நாற்பது நிமிடம். வெளியே இருப்பவர்கள் அந்த அறைக்குள் பேச ஒரே வழிதான் இருக்கிறது. அந்த அவசர எண்ணையே கூப்பிட்டேன்.

யார் எடுத்தாலும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஆறரை மணி ஷிப்ட் மாறுகிற நேரம், பாதிப் பேர் இன்னும் ஹெட்போனை மாட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் தம்பி மட்டும் கால் மணி முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். "அவசர உதவி, சொல்லுங்க" என்று அவர் குரல்தான் வந்தது.

ஒருவருக்கு நெஞ்சு வலி என்றேன். என் குரல் அவருக்குத் தெரியாதா? அந்த அழைப்பை அவர் துண்டிக்க முடியாது. எல்லாம் பதிவாகிறது, துண்டித்தால் வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும். "அடுத்த கேள்வியக் கேளுங்க" என்றேன். கேட்டார். வயது கேட்டார், நாற்பத்தேழு என்றேன். நினைவோடு இருக்கிறாரா என்றார், பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன். எப்போது வந்தது என்றார், இன்று காலை ஐந்து ஐந்துக்கு என்றேன். என்ன செய்துகொண்டிருந்தார் என்றார், படுத்திருந்தார் என்றேன். எங்காவது பரவியதா என்றார். இடது தாடைக்கு என்றேன். வியர்த்ததா என்று கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. தலையணை உறை நனைந்திருக்கிறது, இப்போது என் கையில்தான் இருக்கிறது என்றேன்.

இத்தனைக்கும் ஆமாம் என்று பதிவானால் கம்ப்யூட்டரே சிவப்புப் போட்டுவிடும். போட்ட நிறத்தை அவரால் குறைக்க முடியாது. முகவரி கேட்டார். அவர் உட்கார்ந்திருக்கிற கட்டடத்தின் முகவரியைச் சொன்னேன். முதல் மாடி, இரண்டாவது வரிசை, மூன்றாவது நாற்காலி.

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, எல்லோரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார். "வண்டி வருது. லைன்ல இருங்க." அடுத்த நாற்காலிப் பெண் "நம்ம அட்ரஸ்லயே சிவப்பு விழுந்திருக்கு" என்று சொல்வது கேட்டது. யார் யாரோ ஓடிவந்தார்கள். அவர் ஹெட்போனை யாரோ கழற்றினார்கள். நான் லைனிலேயே இருந்தேன்.

வண்டி கீழேயே நின்றிருந்ததால் இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி மேசையில் படுக்கவைத்துவிட்டார்கள். மூன்று குழாயில் இரண்டில் அடைப்பு. ஒன்றில் தண்ணீர் சொட்டுகிற அளவுக்குத்தான் வழி இருந்ததாம். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். சாயங்காலம் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்றேன். வேலையால்தான் இப்படியா என்று கேட்டேன். "வேலை மட்டுமேன்னு சொல்ல முடியாது. பிரஷர் இருக்கு, குடும்பத்துல இருக்கலாம். ஆனா இத்தனை வருஷம் இப்படி ஒரு வேலை பார்த்தா இதயம் தனியா நிம்மதியா இருக்காதும்மா" என்றார்.

மேலதிகாரி பழக்கூடையோடு வந்தார். நாற்காலி அவருக்காகக் காத்திருக்கும் என்றார். அதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது. மீசையிடமும் இதைத்தானே சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். பழக்கூடையை வைத்துவிட்டுக் கிளம்பினார். எழுத்தில் வரும்வரை நான் நம்பப்போவதில்லை.

உங்கள் தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மதியம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். இதற்குக் கீழே நான் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் வலி வந்ததுமே அவர் உங்களிடம்தான் சொன்னாராம், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் சொன்னார். "எனக்கும்தான்டா வருது, ரெண்டு வருஷமா. உக்கார்ந்தா போயிடும். உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத, பயந்துடுவா." அதை நம்பித்தான் அவர் பச்சை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அக்காவுக்கும் வருகிறது, அக்கா நன்றாகத்தானே இருக்கிறாள் என்று. இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

கேட்டதும் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து உங்கள் பதினோரு வரிக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். நடுவில் படுத்துவிட்டேன். முதுகு எரிகிறது. ஏழாவது வரிக்குப் பிறகு சாய்கிற கையெழுத்து. அறுநூறு சட்டையில் ஒரு நூலைக் கண்டுபிடிக்கிறவள் இதைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் பொய் யோசிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறேன். உங்களைச் சந்தேகப்பட்டேன், தப்பில்லை. சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி படுக்கையில் இருந்தபடி எழுதியது. "பெண், 54. இரண்டு வருடம். வேலை செய்யும்போது. முதுகு எரிச்சல். உட்கார்ந்தால், படுத்தால் குறையும்." நிறத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறார் என்று நீங்களே பாருங்கள். இந்த முறை அவர் அடித்துத் திருத்தவில்லை.

உங்களிடம் கேள்வி எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள், அதை நான் நம்ப மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவர் என் அண்ணன். இன்றைக்கே ரயிலேறுகிறார். நீங்கள் இதைப் படிக்கும்போது வாசலில் வாடகை வண்டியோடு நிற்பார். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் திரும்பி வரக் கூடாது என்பது என் கட்டளை. அவருக்கு ஆளைப் பின்தொடரத் தெரியாது, ஆனால் ஒரு இடத்தில் நிற்கச் சொன்னால் நிற்பார். சலவைக்கூடம் ஒரு நாள் நின்றால் நிற்கட்டும்.

உங்கள் மருமகள் நீங்கள் வந்தால்தான் வாயைத் திறந்து சிரிப்பாளாம். உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்கிற வயது எனக்கில்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி வந்துவிட்டது, அண்ணி. லைனில் இருங்கள்.

உங்கள் தம்பி மனைவி